காப்பி பழுத்தால் மரநாய் வரும்: சேர்வராயன் மலை நாட்குறிப்பு

வியாழன்

டிசம்பரில் ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குளிருக்கும் பனிமூட்டத்துக்கும்தான் வருகிறார்கள். நான் வந்தது காப்பிப் பழத்துக்காக. அரபிகா பறிப்பு இங்கே நவம்பரில் ஆரம்பித்து ஜனவரி வரை ஓடும். எந்தச் செடியில் பழம் சிவக்கிறதோ அந்தச் செடிக்கு ராத்திரியில் மரநாய் வந்துவிடும். பெயரில்தான் நாய்; நீள வாலோடு மரமேறித் திரியும் இரவு விலங்கு அது. அதைக் கூண்டுக் கம்பிக்குப் பின்னால் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில், அதன் இஷ்டத்துக்குத் திரியும்போது பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

அமாவாசையை ஒட்டி லீவு போட்டேன். நேபாளத்தில் சித்வன் காட்டில் மரநாய்களுக்கு ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடர்ந்தவர்கள், நிலா பளிச்சென்று காயும் இரவுகளில் அவற்றின் நடமாட்டம் குறைந்துவிடுவதைக் கண்டிருக்கிறார்கள். இருட்டு எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு தைரியம் அதற்கு.

மத்தியானம் சேலத்தில் பஸ் ஏறி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறுவதற்குள் ஜன்னலை மூடச் சொல்லிக் குரல்கள். ஏரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே நாகலூர்ப் பக்கம் இருக்கும் அத்தை தோட்டத்துக்குப் போய்விட்டேன். சின்னத் தோட்டம்தான். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அந்த நிழலில் காப்பி, நடுநடுவே பலாவும் ஆரஞ்சும், மேட்டு ஓரத்தில் ஒரு பழைய அத்தி மரம். அந்த அத்தியைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். மரநாய் அதற்கெல்லாம் முன்னாலிருந்தே இங்கே இருக்கிறது. காட்டு அத்தியும் நாவலும் தின்றுகொண்டிருந்தது, புதிதாக ஒரு சிவப்புப் பழம் வந்ததும் அதையும் சேர்த்துக்கொண்டது.

"இந்த வருஷம் வருதுங்களா அண்ணா?" என்று மேஸ்திரி அண்ணனிடம் கேட்டேன். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். தோட்டத்தில் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பது வரை தெரியும்.

"வராம என்ன தம்பி. நேத்து ராத்திரிகூட அத்திப் பக்கம் வாசம் அடிச்சுது."

என்ன வாசம் என்றேன். "பச்சரிசி சோறு வேகற வாசம்" என்றார்.

இதை வேறு ஊர்களிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். மரநாயில் ஆண், பெண் இரண்டுக்குமே வாலடியில் வாசனைச் சுரப்பி உண்டு. போகிற வழியில் கிளையிலும் பாறையிலும் தேய்த்துவிட்டுப் போகும். 'நான் இந்தப் பக்கம் வந்து போனேன்' என்று அடுத்த மரநாய்க்குத் தகவல். மிரண்டுபோனால் அதே விலங்கு மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி நாறடிக்கவும் செய்யும்.

இன்று ராத்திரி வெறும் சத்தம் மட்டும் கிடைத்தது. பதினொரு மணி வாக்கில் ஓட்டுக்கூரைமேல் தடதடவென்று ஓட்டம், அப்புறம் பரண் பக்கம் ஏதோ உருளும் சத்தம். "எலின்னு நெனைச்சுக்கோ, தூங்கு கண்ணு" என்றார் அத்தை. எலி அவ்வளவு கனமாக நடக்காது.

வெள்ளி

காலையில் மேஸ்திரி அண்ணன் எழுப்பி, அத்தி மரத்துக்குக் கீழே ஒரு மொட்டைப் பாறைக்குக் கூட்டிப்போனார். அதன்மேல் மரநாய் போட்டுவிட்டுப் போன புழுக்கை. பார்க்க அப்படியே கடலை மிட்டாய்த் துண்டு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு காப்பிக்கொட்டைகள். ஒன்றும் நசுங்கவில்லை, உடையவில்லை. குச்சியால் பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு கொட்டையைச் சுற்றியும் அந்த மெல்லிய மஞ்சள் ஓடு அப்படியே இருந்தது. காப்பிப் பழத்தின் தோலும் உள்ளே வழவழவென்று ஒட்டியிருக்கும் தித்திப்புச் சதையும் மட்டும் காணோம். நாம் தோலுரிக்கும் பல்பர் மெஷினில் போட்டு, ஊறவைத்து, கழுவி எடுக்கிற வேலையை அதன் வயிறு செய்திருக்கிறது.

கொட்டைகளுக்கு நடுவே இரண்டு ஆரஞ்சு விதை, மணல் மாதிரி அத்தி விதைகள், ஒரு வண்டின் கறுப்பு இறக்கை ஓடு. ஒரு ராத்திரி முழுக்க அது எங்கெங்கே போனது என்பதற்கு இதைவிட என்ன கணக்கு வேண்டும்? பழம்தான் முக்கிய சாப்பாடு என்றாலும் எலி, ஓணான், பூச்சி, நத்தை, கூட்டிலிருக்கும் முட்டை எதையும் விடாது. கோடையில் பலா, மா. பனையில் கலயம் கட்டியிருந்தால் ஏறிப்போய்ப் பதநீரையும் கள்ளையும் குடித்துவிட்டு வரும். சேலத்துக்காரனாகச் சொல்கிறேன், அடிவாரத்து மாந்தோப்புகளை இது விட்டுவைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இப்படி வெட்டவெளிப் பாறையிலும் விழுந்த மரத்திலும் மதில்மேலும் போய்ப் போடுவது அதன் வழக்கம். பூனை மாதிரி மண்ணைத் தள்ளி மூடாது. அதனால்தான் மரநாயை ஒருநாளும் கண்ணால் பார்க்காதவர்கூட அது இருப்பதைத் தெரிந்துகொள்ள முடிகிறது.

பழம் பறிக்க வந்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "திருட்டு நாயி, நல்ல பழமா பார்த்துத் தின்னுட்டுப் போயிருக்கு" என்றார். மேஸ்திரி அண்ணன் விடவில்லை. "தின்னுட்டு எங்க கொண்டு போச்சு? கொட்டையை இங்கதானே வெச்சிருக்கு!" பாறையில் கிடப்பதைத் தனியாக எடுத்து, நாலு தண்ணி கழுவி, களத்தில் காயவைத்து, அதையும் கணக்கில் சேர்த்துவிடுவது இந்தத் தோட்டத்துப் பழக்கமாம்.

எனக்கும் அதைத் திருடு என்று சொல்ல மனசு வரவில்லை. இந்தத் தோட்டத்தில் யாரும் நடாமல் முளைத்திருக்கும் மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பாறை இடுக்கில் அத்திக் கன்று, வேலியோரம் கூந்தல்பனைக் கன்று. அத்தியைப் பறவையும் வௌவாலும்கூடப் பரப்பும். கூந்தல்பனைப் பழம் அப்படியில்லை. கையில் பட்டாலே அரிப்பெடுக்கும். அதையும் தின்று விதையை வேறு இடத்தில் போடுகிற சில விலங்குகளில் மரநாய் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இருக்கும் பழுப்பு மரநாயைக் களக்காடு முண்டந்துறை மழைக்காட்டில் வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர் திவ்யா முத்தப்பா. அதன் சாப்பாட்டில் பெரும்பகுதி பழம்தான் என்று அவர் காட்டினார். காட்டில் மரங்கள் இடம்பெயர்வது இதன் வயிற்றில்தான். நம் சேர்வராயன் மலையில் இருப்பது சாதாரண மரநாய், வேறு இனம். வேலை ஒன்றேதான்.

இரவு.

ஆறு மணிக்கு மேல் காப்பிச் செடிக்குள் நடக்கவே கூடாது என்பது மேஸ்திரி அண்ணனின் கண்டிப்பான உத்தரவு. காட்டுமாடு நிற்கும். இந்த மலையில் கொஞ்ச வருஷமாகவே அது தோட்டங்களுக்குள் சகஜமாக வருகிறது. இருட்டில் அதன் குறுக்கே போய் நின்றால் அவ்வளவுதான். ஆகவே அத்திக்கும் காப்பிக்கும் நடுவே இருக்கும் சாமான் கொட்டகையின் மச்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். டார்ச் கண்ணாடிமேல் சிவப்பு ஜிகினாத் தாளை மூன்று மடிப்பாகக் கட்டியிருந்தேன். வெள்ளை வெளிச்சத்தை நேராகக் கண்ணில் அடித்தால் இரவு விலங்குக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது. மரத்திலிருந்து தவறி விழக்கூடும்.

முதலில் வந்தது வாசம். பொய் சொல்லவில்லை, யாரோ பக்கத்து வீட்டில் சோறு வடிக்கிற மாதிரிதான் இருந்தது. அப்புறம் அத்தியின் கீழ்க்கிளையில் இரண்டு கண்கள். கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கும் கண்ணாடி மாதிரியான படலம், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. அதனால்தான் அது இருட்டிலும் பார்க்கிறது, நமக்கும் அது முதலில் கண்ணாகத் தெரிகிறது.

கிளைவழியே நடந்து, சில்வர் ஓக்குக்குத் தாவி, மிளகுக்கொடியைப் பிடித்துக்கொண்டு காப்பிச் செடிமேல் இறங்கியது. கொட்டகையிலிருந்து பத்தடிகூட இருக்காது. கறுத்த முகம், கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு, சாம்பல் நிற முரட்டு முடி. முதுகில் கழுத்திலிருந்து வால் வரைக்கும் கறுப்பாக மூன்று கோடுகள். கால்கள் கறுப்புச் சாக்ஸ் மாட்டியதுபோல. வால் அதன் உடம்பளவுக்கு நீளம்.

காப்பிக் கிளையை முன்னங்காலால் தன் பக்கம் இழுத்தது. அப்புறம் செய்ததைத்தான் எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காது. ஒரு கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்து இருக்குமே, அதில் ஒவ்வொரு பழமாக மூக்கைக் கொண்டுபோனது. நிறைய பழங்களைத் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டது. கருஞ்சிவப்பாகக் கனிந்ததை மட்டும் பக்கவாட்டுப் பல்லால் மெதுவாக உருவி எடுத்தது. அரைக்காயை ஒன்றுகூடத் தொடவில்லை. பறிக்கிற அக்காமார் கைகள் பகலில் எப்படி வேகவேகமாகப் போகின்றன என்று பார்த்திருக்கிறேன். அவர்களாலும் இவ்வளவு சுத்தமாகப் பிரிக்க முடியாது. மேஸ்திரி அண்ணன் என் காதோடு, "அது விட்டுட்டுப் போன செடியை நாளைக்கு எடுக்கக் கூடாது, இன்னும் நாலு நாள் பழுக்கணும்" என்றார்.

ரோட்டில் ஒரு பைக் சத்தம் கேட்டதும் அப்படியே உறைந்து நின்றது. சத்தம் ஓய்ந்தும் நகரவில்லை. வெகுநேரம் கழித்து, வந்த வழியாகவே சில்வர் ஓக்கில் ஏறி இருட்டில் போய்விட்டது. கூட வேறு எதுவும் இல்லை. குட்டி வைத்திருக்கும் தாயைத் தவிர, மரநாய் தனியாகத்தான் திரியும்.

சனி

இன்று எழுத எனக்கு உற்சாகம் இல்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

காலையில் பால் வாங்கப் போனபோது லூப் ரோட்டோரம் நாலைந்து பேர் கூடி நின்றார்கள். இரவு ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போன மரநாய். நேற்று நாங்கள் பார்த்ததா, வேறா என்று சொல்ல முடியாது. மேஸ்திரி அண்ணன் முதலில் குனிந்து அதன் வயிற்றுப் பக்கம் பார்த்தார். "ஆணு. பால் குடிக்கற குட்டி ஏதும் காத்துக்கிட்டிருக்காது" என்று சொன்ன பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் துண்டை நீட்டி வைத்தபோது மூக்கு நுனியிலிருந்து வாலடி வரை ஒன்றேமுக்கால் அடி இருந்தது. வால் அதற்கு ஓர் அங்குலம்தான் குறைவு. எடை மூன்று கிலோ இருக்கலாம். இந்த இனம் இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரைதான் வளரும். பாதங்களில் ஐந்தைந்து விரல். உள்ளங்கால் முடியே இல்லாமல், ஈரப்பசையோடு மெத்தென்று இருந்தது. வழுக்கும் மரப்பட்டையில் அது எப்படி ஒட்டிக்கொண்டு ஏறுகிறது என்பது அந்தப் பாதத்தைத் தொட்டதும் விளங்கியது. நகங்கள் பூனை நகம் மாதிரி முழுசாக உள்ளே போவதில்லை, பாதிதான் மடங்கும். வாய் ஓரத்தில் ஒரு காப்பிப் பழத் தோல் ஒட்டியிருந்தது.

கூட்டத்தில் ஒருவர் "புனுகுப்பூனைங்க இது" என்றார். ஒரே குடும்பம்தான், ஆனால் அது வேறு. புனுகுப்பூனைக்கு வாலில் வளையம் வளையமாகப் பட்டை இருக்கும், உடம்பில் புள்ளிகள் வரிசையாக ஓடும், பெரும்பாலும் தரையிலேயே திரியும். திருமலையில் பெருமாளுக்குச் சாத்தும் புனுகு அதனிடமிருந்து வருவது. மரநாய்க்கு வாலில் வளையம் கிடையாது. இன்னொருவர், கறி மூட்டுவலிக்கு நல்லது என்று ஆரம்பித்தார். மேஸ்திரி அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு நின்றது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு இது. செத்துக் கிடந்தாலும் எடுத்துப் போகக் கூடாது. வனத்துறைக்குப் போன் செய்து, ஆள் வரும் வரை நின்றுவிட்டு வந்தோம்.

இந்தச் சாலையில் இரவு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மரநாய் ரோட்டைக் கடக்கும்போது வெளிச்சம் பட்டால் ஓடாது, நின்றுவிடும். ஹார்ன் அடித்துப் பிரயோஜனம் இல்லை. விளக்கைத் தாழ்த்திக் கொஞ்சம் நிறுத்தினால் அதுவே போய்விடும். இருபக்கமும் கிளைகள் மேலே தொட்டுக்கொண்டிருக்கும் இடங்களில் அது தரைக்கே இறங்காமல் மரத்தோடு மரமாகப் போய்விடும். ரோட்டுக்காகக் கிளை வெட்டும்போது இதைப் பற்றி யாராவது நினைத்தால் நன்றாக இருக்கும்.

சாயங்காலம் டவுனில் ஒரு கடையில் காப்பித்தூள் வாங்கினேன். பக்கத்தில் நின்ற சுற்றுலாக் குடும்பம், மரநாய்க் காப்பி கிடைக்குமா, எவ்வளவு விலை ஆனாலும் பரவாயில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தது. கடைக்காரர் இல்லை என்றதும் அவர்களுக்கு ஏமாற்றம். நான் வெளியே வந்து அவர்களோடு கொஞ்ச நேரம் பேசினேன். இந்தோனேசியாவில் டச்சுக்காரர் காலத்தில் தோட்டக் கூலிகள் மரநாய்ப் புழுக்கையில் கிடந்த கொட்டையைப் பொறுக்கிக் காப்பி போட்டுக் குடித்ததுதான் இது. உலகம் பூராவும் பெயர் பரவிய பிறகு, காட்டில் பொறுக்குவது போதாமல் மரநாயைப் பிடித்துக் கூண்டில் அடைத்து, காப்பிப் பழத்தையே தீனியாகப் போட ஆரம்பித்தார்கள். நேற்று நான் பார்த்த விலங்கு ஒரு கொத்தில் நாலு பழத்தைத்தான் எடுத்தது. பாறையில் கிடந்த புழுக்கையைப் பார்த்தாலும் அத்தி, ஆரஞ்சு, வண்டு என்று மாற்றி மாற்றித் தின்றிருந்தது தெரிந்தது. அதற்குத் தினம் மூன்று வேளையும் காப்பிப் பழம் என்றால் அது சித்திரவதை. பழத்தைப் பொறுக்கித் தேர்ந்தெடுப்பதுதான் அந்தக் காப்பியின் பெருமை என்கிறார்கள். கூண்டுக்குள் அதற்குத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? பாக்கெட்டில் 'காட்டிலிருந்து' என்று போட்டிருந்தாலும், வாங்குகிறவரால் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. நான் வாங்க மாட்டேன், தெரிந்தவர்களையும் வாங்க விட மாட்டேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். அவர் மகள், "அப்போ அது எங்க தூங்கும் அங்கிள்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. மரப்பொந்தில், கொடி பின்னிய கிளைக்கவட்டில், பாறை இடுக்கில் என்று சொன்னேன். வீட்டுக் கூரையிலும்.

ஞாயிறு

அத்தை வீட்டுப் பரணில் சாய்ந்த ஓடு ஒன்று இருக்கிறது. அந்தச் சந்துவழியாகத்தான் வியாழன் ராத்திரிச் சத்தம் உள்ளே வந்தது. காலையில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். மூலையில் பழைய சாக்குமேல் அழுத்தி வட்டமாகப் படுத்த தடம், பக்கத்தில் பலாக்கொட்டை, எலி வால் ஒன்று. ஆள் இல்லை. குட்டியும் இல்லை, சத்தமும் இல்லை. பகலில் வேறு எங்கோ படுத்திருக்கிறது. ஒரே இடத்தில் தினமும் தூங்குகிற பழக்கம் அதற்குக் கிடையாது, இரண்டு மூன்று இடம் வைத்துக்கொள்ளும்.

அத்தைக்கு அது மேலே வருவதில் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. மேலே எலி குறைந்திருப்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். மூத்திர நாற்றமும், சீலிங் பலகையில் கறை இறங்குவதும்தான் பிரச்சினை. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ, மிளகாய்ப் புகை போட்டு விரட்டிவிட்டு ஓட்டைக் கையோடு அடைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். அதில்தான் ஆபத்து. மரநாய்க்குக் குட்டி போட இன்ன மாதம் என்று இல்லை. சினைக்காலம் இரண்டு மாதம். ஒரு ஈற்றுக்கு இரண்டு, மூன்று, சிலசமயம் நாலு குட்டி. பிறந்து பத்துப் பதினோரு நாளைக்குக் கண்ணே திறக்காது. புகை போட்டால் தாய் ஓடிவிடும், குட்டிகள் ஓட்டுக்குள்ளேயே கிடந்து செத்துப்போகும். அப்புறம் வரும் நாற்றத்துக்கு எந்தப் புகையும் போதாது.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு மூவரும் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். குட்டி இல்லை என்று பார்த்தாகிவிட்டது. இன்று இருட்டியதும் சந்து வாயில் கோதுமை மாவைப் பரப்பிவைத்து, கால்தடம் வெளியே போவதாகத் தெரிந்தால் அப்புறம்தான் ஓட்டைச் சரிசெய்வது. ஒரு ராத்திரி மட்டும் பார்த்தால் போதாது, தொடர்ந்து சில நாள் பார்க்க வேண்டும் என்றேன். கூரையைத் தொடும் பலாக்கிளையைக் கழித்துவிட்டால் ஏறிவர வழியும் இருக்காது. அதன் படுக்கைக்கு வேறு இடம் வேண்டுமே என்று மேஸ்திரி அண்ணன்தான் கேட்டார். அத்திக்குப் பக்கத்தில் பட்டுப்போன சில்வர் ஓக் ஒன்று நிற்கிறது. உள்ளே பொந்து விழுந்த மரம். விறகுக்கு வெட்ட ஆள் சொல்லியிருந்தார்களாம்.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, அது நிக்கட்டும். வெறகு வேற எங்கயாச்சும் பார்த்துக்கலாம்" என்றார். மேஸ்திரி அண்ணன் அப்போதே எழுந்துபோய் வெட்டுகிறவருக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம், பலாக்கிளைக்கு மட்டும் புதன்கிழமை வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். நான் ஒரு பை ஆரஞ்சோடு நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.